எங்கள் வேலிக்கு வந்த யூதன்

பத்தொன்பது வயதில் நான் ஒரு யூதரைக்கூடக் கண்டதில்லை. எங்கள் ஊரில் யாருமே கண்டதில்லை. ஆனால் யூதரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒருவரை எங்கள் ஊரில் தேடிப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். எழுபதுகளின் முற்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் புத்தூருக்குக் கிட்ட, செம்மண்ணும் வெங்காயமுமாக இருந்த ஊர். மாலையில் வானொலிச் செய்தி முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் உலகத்தை நடத்தத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குள் மட்டும் இரண்டு யூதர்கள் இருந்தார்கள். ஒருவர் ஐயாவுக்குச் சொந்தமானவர். ஐயா என்று நாங்கள் அழைத்தது அப்பாவை. அவர் வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சுன்னாகம் சந்தைக்கு அனுப்புகிறவர்; எங்கே அரசியல் கூட்டம் நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருப்பவர். மேடையில் பேசுகிறவர்கள் யூதனைப் பார், யூதனைப் பார் என்று சொல்லிச் சொல்லி ஐயாவும் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"பாலைவனத்திலை பயிர் செய்யிறாங்கள், பிள்ளை. நாங்களும் கல்லுடைச்சுக் கிணறு வெட்டித்தான் வெங்காயம் போடுறம். ரெண்டு பேரும் ஒரே ஆக்கள்தான்" என்பார்.

மற்றவர் அண்ணையின் யூதர். அண்ணை கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, மிச்ச நேரத்தில் புரட்சிக்காகக் காத்திருந்தவர். அவருக்குப் பாலஸ்தீனியரின் பக்கம்தான் நியாயம்.

"உவங்கள் அடுத்தவன்ரை காணிக்குள்ளை வேலி போட்ட ஆக்கள், ஐயா. காணி பிடிச்சவனோ உங்களுக்குக் கூட்டாளி?"

"நாடில்லாதவன் வேறை எங்கையடா போறது?"

"எங்கையும் போகட்டும். போற இடத்திலை இருக்கிறவனைத் துரத்தாமல் இருக்கட்டும்."

"அவங்கள் ஆரெண்டாலும் இருக்கட்டும், சோத்தை ஆறவிடாதேங்கோ" என்பார் அம்மா. அத்துடன் மத்திய கிழக்கில் அன்றைக்குச் சண்டை ஓயும்.

பள்ளியில் எனக்குப் பக்கத்தில் இருந்த கத்தோலிக்கத் தோழியிடம் மூன்றாவது யூதர் ஒருவர் இருந்தார். பெரிய வெள்ளிக்கு முந்திய நாட்களில் அவர்களுடைய கோவில் வளவில் நடக்கும் நாடகத்தில், தாடி ஒட்டிக்கொண்டு வந்து, இயேசுவைச் சிலுவையில் அறை என்று கூச்சல் போடுகிற கூட்டம்தான் அவர். தோழியின் சித்தப்பா ஒவ்வொரு வருடமும் அந்தக் கூட்டத்தில் நிற்பாராம். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் தாடியைக் கழற்றமாட்டாராம்.

இந்த மூவரிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவருக்கும் காய்ச்சல் வருவதில்லை, ஒருவரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பதில்லை. ஒருவர் வீரன், ஒருவர் கள்ளன், ஒருவர் தாடி. மேடையில் பேசுகிறவருக்கு யூதர் என்று பன்மையில் சொன்னால் போதும். கதை எழுதுகிறவளுக்கு ஒரேயொரு யூதன் வேண்டும். அவனுக்குப் பெண்சாதி வேண்டும், முழங்கால் வலி வேண்டும். அரசியலுக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்று அப்போது முடிவு செய்தேன். அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எழுதுவதற்கு நேரமும் இருந்தது, கோபமும் இருந்தது. அந்தக் காலத்தில்தான் தமிழில் பரீட்சை எழுதியவர்கள் பல்கலைக்கழகம் போகச் சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. தரப்படுத்தல் என்று அதற்கொரு மரியாதையான பெயர். அதற்கு முந்திய வருடம் எழுதியிருந்தால் என் புள்ளிக்குக் கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். இந்த வருடம் வீட்டில் இருந்து வெங்காயம் பிடி கட்டினேன். ஆகவே ஐயாவின் யூதனை நான் கேலி செய்தாலும், ஐயாவின் கோபத்தைக் கேலி செய்ததில்லை. இன்ன மொழி பேசுகிறாய், இன்ன வீட்டில் பிறந்தாய், ஆகவே வெளியே நில் என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஊர் வாசிகசாலை தன் ஆண்டு விழாவுக்குச் சிறுகதைப் போட்டி வைத்தது. முதல் பரிசு பெறும் கதையை விழாவில் வாசிக்கலாம். பிறகு விழா மலரிலும் அச்சிடுவார்கள். என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பசி மாதிரி இருந்தது. பல்கலைக்கழகம் என்னை வேண்டாம் என்று சொன்ன வருடத்தில் ஓர் அச்சுக்கோப்பவராவது என் பெயரை ஈயத்தில் அடுக்கட்டும் என்று நினைத்தேன்.

யூதனைப் பற்றி எழுதுவதென்றால் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. படித்த பள்ளியின் நூலகத்தில் பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று செல்லரித்துக்கொண்டு கிடந்தது. அங்கே போய் இரண்டு பின்னேரம் இருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவித் துப்புரவாக்கி, பொழுது படுமுன் விளக்கு வைப்பார்களாம். இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டியாம். ஒன்றை ஒன்றோடு சேர்க்கமாட்டார்களாம். இதற்கு ஏன் கடல் கடந்து போக வேண்டும், எங்கள் குசினிக்குள் வந்தால் போதாதா?

அன்று வெள்ளிக்கிழமை. மீன் சமைக்கிற சட்டியை அம்மா வழக்கம்போல வெளியே கவிழ்த்துவிட்டு, விரதச் சமையலுக்கான பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, யூதரும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறவையாம்."

"மச்சம் மாமிசம் சாப்பிடுகினமோ?"

"ஓம். ஆனா இறைச்சிச் சட்டியிலை பால் காய்ச்சமாட்டினமாம். எல்லாம் புறம்பு புறம்பாத்தான்."

அம்மா கையில் இருந்த செம்பை நிலத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உதை முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப நல்ல சாதிச் சனம்தான்."

ஐரோப்பா முழுக்க நூற்றாண்டுக் கணக்காகக் கேவலப்படுத்தப்பட்ட ஒரு மக்களை, சட்டியை மட்டும் பார்த்து உயர்சாதியாக்க யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரால்தான் முடியும். செய்தி ஐயாவின் காதுக்கும் போயிற்று. அன்றிலிருந்து அவருடைய யூதர்கள் விவசாயிகள் மட்டுமில்லை, ஆசாரமான குடும்பத்து ஆட்கள். கூட்டத்துக்குப் போகிற வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

என் கதைநாயகன் ஒரு தையல்காரன். குளிர்தேசத்து நகரம் ஒன்றில் இருந்தான். பனிப்பொழிவைக் கலண்டர் படத்தில் பார்த்திருந்தேன், ஆகவே தாராளமாகப் பொழிய விட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றினேன், சட்டிகளைப் பிரித்து வைத்தேன். அந்த நகரத்தில் ஒரு நாள் புதுச் சட்டம் வருகிறது: யூதரோடு மற்றவர்கள் கலந்து பழகக் கூடாது. அதற்கடுத்த நாள் தையல்காரன் தான் தைத்த கோட்டைக் கொடுக்கப் பழைய வாடிக்கைக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போகிறான். முன்பெல்லாம் கதிரையில் இருத்திக் கோப்பையில் கோப்பி கொடுத்த வீடு. இன்றைக்கு என்ன நடக்கும்?

இங்கே வந்து பேனை நின்றுவிட்டது. அடி உதை வேண்டாம் என்று நினைத்தேன். அடிக்காமல், திட்டாமல், முகம் கோணாமல் ஒரு மனிதனை எப்படிச் சிறுமைப்படுத்துவது? ஐரோப்பியர் எப்படிச் செய்வார்கள் என்று கலைக்களஞ்சியம் சொல்லவில்லை. பிறகு கை தானாக எழுதிக்கொண்டு போனது.

வாடிக்கைக்காரர் வேலிப் படலையடிக்கு வருகிறார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவருடைய மனைவி செம்பில் கோப்பி கொண்டுவருகிறாள். வேலிக் கதியாலில் ஒரு தகரப் பேணி தொங்குகிறது. தையல்காரன் அதை எடுத்து நீட்டுகிறான். அவள் தொட்டுவிடாமல் உயரத்தில் இருந்து ஊற்றுகிறாள். அவன் வேலிக்கு வெளியே குந்தியிருந்து குடித்து, பேணியைத் தானே கழுவி, எடுத்த இடத்தில் கொழுவிவிட்டுப் போகிறான். வாடிக்கைக்காரர் நல்ல மனிதர். அவன் குடித்து முடியும்வரை நின்று, பிள்ளைகள் எப்படி என்று அன்பாக விசாரிக்கிறார்.

எழுதி முடித்ததும் அண்ணையிடம் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"உந்தப் பேணி ஐரோப்பாவிலை எந்த வேலியிலை கிடந்தது?"

"ஏன்?"

அவர் நாடியால் குசினிப் பக்கம் காட்டினார். அங்கே கிளுவைக் கதியாலில், நான் பிறக்குமுன்பே எங்கள் தோட்டத்தில் வேலை செய்யத் தொடங்கிய மனிதரின் பால்மாப் பேணி தொங்கியது. ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போவேன். அது அங்கே தொங்குவது, கிணறு அங்கே இருப்பது போல.

எனக்கு வெட்கமும் இருந்தது, ஆனால் உண்மையைச் சொன்னால் அதைவிட அதிகமாக மகிழ்ச்சி. கதை எழுதுகிறவளுக்குத் தெரியாததைக் கதை தெரிந்து வைத்திருக்கிறது! பனிப்பொழிவு பொய், நகரம் பொய், கோட்டும் பொய். பேணி மட்டும் உண்மை. கொழும்பு அரசாங்கக் கந்தோரில் நாங்கள் தையல்காரர். எங்கள் வேலியடியில் நாங்கள் வாடிக்கைக்காரர். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டாகவும் இருக்கலாம் என்று எந்த மேடையிலும் யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"மாத்தப்போறியோ?" என்றார் அண்ணை.

"ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

முதல் பரிசு கிடைத்தது. விழாவில், ஒலிபெருக்கி கட்டிய மேடையில் நின்று வாசித்தேன். பேணி இடம் வந்தபோது சபையில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். முன்வரிசையில் ஐயா சால்வையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். லேசில் கலங்காத மனிதர். அவர் மேடைக்கு வந்து, "என்ன கொடுமை! மனிசனை மனிசன் இப்பிடியும் நடத்துவானோ!" என்று தழுதழுத்தார். கைதட்டல் நிற்கவே இல்லை.

ஒருவருக்கும் விளங்கவில்லை என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பரிசைக் கையில் வாங்கும்போது எரிச்சலாக இருந்தது. அழுவதற்கு அவர்களுக்கு யூதன் தேவைப்பட்டான். அவன் வெகு தூரத்தில் இருந்ததால் வசதியாகவும் போயிற்று.

ஆனால் ஒலிபெருக்கி வாசிகசாலைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் பேசவில்லை. எங்கள் வாசிகசாலைக்குள் எல்லோரும் வர முடியாது. எழுதிய சட்டம் இல்லை, வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அப்படி உள்ளே வர முடியாத இளைஞர்கள் றோட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று முழுக் கதையையும் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் ஊரில் வேலிப் பேணிக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: யூதப்பேணி. தலைவர் வீட்டில் வேலை செய்யப் போன ஒரு பொடியன், படலையடியில் நின்று, "அம்மா, தேத்தண்ணி யூதப்பேணியிலையோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகக் கேட்டானாம். றோட்டில் நின்றவர்கள் சிரித்தார்களாம்.

அடுத்த நாள் பின்னேரம் தலைவரும் செயற்குழுவைச் சேர்ந்த இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஐயா அந்த வாரம் முழுக்க வெங்காயம் கிண்டுவதில் நின்றதால் ஊர்க்கதை எதுவும் அவர் காதில் விழவில்லை. பெரிய மனிதர்கள் மகளைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, விறாந்தையில் கதிரைகளை இழுத்துப் போட்டார். அம்மா கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"கதை அருமை, பிள்ளை" என்று தலைவர் தொடங்கினார். "மலரிலை போடத்தான் போறம். அந்தப் பேணி வாற இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் நல்லது."

நான் வாய் திறக்குமுன் ஐயா கேட்டார்: "ஏன்? அதுதானே எல்லாரும் அழுத இடம்?"

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"இல்லை... யூதர் பேணியிலை குடிக்கிறேல்லை."

"வேறை என்னத்திலை குடிக்கிறவை?" என்றேன் நான். "சொல்லுங்கோ, மாத்திவிடுறன்."

"அது... கோப்பையிலை."

"சட்டம் வாறதுக்கு முந்திக் கோப்பையிலைதான் குடிச்சவர். கதையிலை அப்பிடித்தான் இருக்கு. அதுக்குப் பிறகு என்னத்திலை?"

செயற்குழுக்காரர் ஒருவர் துணைக்கு வந்தார். "அந்த நாட்டிலை கதியால் வேலி இல்லை, தங்கச்சி."

"நீங்கள் போனனீங்களோ?"

"பிள்ளை, வாயை அடக்கு" என்றார் ஐயா. ஆனால் அவருக்கும் விளங்கவில்லை, உண்மையாகவே விளங்கவில்லை. "வேலியோ மதிலோ, உதிலை என்ன கிடக்கு? ஒரு மனிசனை நாயைப்போலை வெளியிலை இருத்திக் குடுக்கிறாங்கள். நான் வீட்டை வந்தும் நித்திரை கொள்ளேல்லை. ஏன் அதை வெட்டச் சொல்லுறியள்?"

நான் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாவம்தான். காரணத்தைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் ஐயா விடமாட்டார். கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"உம்மடை குசினி வேலியைப் போய்ப் பாருமன்!"

ஐயா திரும்பிப் பார்த்தார். விறாந்தையில் இருந்தே பேணி தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தார். வாசற்படியில் நின்ற அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். வேறு நாளென்றால் ஒரு பிரசங்கமே வைத்திருப்பார்.

தலைவர் குரலைத் தணித்தார். "படிச்ச பிள்ளை. ஊருக்குள்ளை நெருப்பு வைக்கக் கூடாது. தமிழர் எல்லாரும் ஒண்டா நிக்கவேண்டிய நேரம் இது."

"ஒண்டா நிப்பம். வேலிக்கு எந்தப் பக்கம் நிக்கிறதெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் கதிரையை ஐயாவின் பக்கம் திருப்பினார். பெண் பிள்ளையின் தகப்பன் இருக்கும்போது அவளோடு ஏன் கதைக்க வேண்டும்? ஐயாவிடம்தான் கேட்டார். "நீர் சொல்லும். அந்த இடத்தை எடுத்தால் பிள்ளையின்ரை பேர் மலரிலை வரும். இல்லையெண்டால் வராது."

ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேணி போய்விடும், என் பெயர் அச்சில் வரும். என் பெயர் வரவேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர். பல்கலைக்கழக முடிவு வந்த அன்று சாப்பிடாமல் இருந்ததும் அவர்தான். அவரை மீறி நான் நிற்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் மீற வைத்துவிடாதேங்கோ ஐயா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

ஐயா என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "எழுதினது அவள். போடுறதெண்டால் முழுசாப் போடுங்கோ."

அவர்கள் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மலர் வந்தபோது என் கதை அதில் இல்லை. அந்தப் பக்கங்களில், யூதரின் முன்னேற்றத்திலிருந்து தமிழர் கற்கவேண்டிய பாடங்கள் பற்றித் தலைவரே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். பிறகு என் பெயர் எத்தனையோ தரம் அச்சில் வந்தது. ஆனால் அது வராத அந்த மலரைத்தான் நான் போகிற இடமெல்லாம் காவிக்கொண்டு திரிகிறேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அவர்கள் படலையைச் சாத்திவிட்டுப் போனபிறகு ஐயா அதே கதிரையில் இருந்து பேணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கிளாசுகளை எடுக்க வந்தார்.

"நாளைக்கு அவன் வெங்காயம் கிண்ட வருவான்" என்றார் ஐயா. "நான் என்னெண்டு அவன்ரை முகத்தைப் பாக்கிறது?"

"இவ்வளவு காலமும் பாத்த மாதிரித்தான்" என்றார் அம்மா.

ஐயா யோசித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, எங்களில் யாருக்காவது தெரியும் என்பது போலக் கேட்டார்:

"நான் எப்ப பாத்தனான்?"